குளத்து ஆமை காட்டிய இரக்கம்

அவ்வளவு அழகான கோல்ஃப் மைதானமும் வேறெங்கும் கிடையாது, அடிக்கிற பந்தையெல்லாம் விழுங்குகிற அப்படியொரு குளமும் கிடையாது. தோற்றவர்கள் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு, குளத்து ஆமைக்குக் கவலை வந்துவிட்டது. ஆள் வராவிட்டால் குளத்தைத் தூர்த்து மனை போட்டுவிடுவார்களே.

"ஒருத்தரையாவது ஜெயிக்க விடணும்," என்றது, பந்து விழவேண்டிய குழிக்கு அடையாளமாகக் கரையில் நட்டிருந்த கொடியிடம்.

வருஷக்கணக்காகத் தோற்றுக்கொண்டிருந்த வேதமூர்த்தி அன்று அடித்த பந்தும் தண்ணீருக்குத்தான் வந்தது. ஆமை முதுகைக் காட்டியது. பந்து ஓட்டில் பட்டு எகிறி, கொடிக்கு அடியிலிருந்த குழிக்குள் விழுந்தது.

வேதமூர்த்தி எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். மட்டைகளை மச்சானுக்குக் கொடுத்தார். அப்புறம் வேதமூர்த்தி வரவேயில்லை.

"நல்ல ஆளைக் கெடுத்துட்டே," என்றது கொடி.

மச்சான் வந்தபோது ஆமை குளத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இருந்த பந்தெல்லாம் தண்ணீருக்குள் போனதும், அவர் மட்டையையும் குளத்திலேயே வீசிவிட்டு, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று கத்திக்கொண்டே போனார்.

"இவரும் போயிட்டாரே," என்றது ஆமை.

"காலையில வந்துடுவார்," என்றது கொடி. "அந்த மட்டையை மட்டும் கரையில எடுத்து வை."