ஓடாத அறிவிப்பு

“நாய்க்குட்டி காணாமப் போனது ஓடுது. எங்கப்பா போனது ஓடலையா? என்னம்மா நியாயம் இது?”

கூட்டுறவு கேபிள் சங்கத்தின் கண்ணாடிக் கதவு படாரென்று சுவரில் மோதியது. உள்ளே வந்தவனுக்குக் கண் இரண்டும் சிவந்திருந்தன. அழுததில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

விடியற்காலையில் அப்பா போய்விட்டார். சாயந்தரம் அடக்கம். சுற்றுவட்டாரத்தில் யார் தவறிப்போனாலும் சங்கத்தின் சொந்தச் சேனலில், படத்துக்குக் கீழே ஓடும் எழுத்தைப் பார்த்துத்தான் ஜனத்துக்குத் தெரியும். அப்பாவின் சிநேகிதர்களில் பாதிப் பேருக்குக் கைபேசியைத் தொடவே பயம். அவர்கள் வராவிட்டால் அப்பா நாதியற்றவர் மாதிரி அல்லவா போவார்?

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் சட்டென்று எழுந்தாள்.

“அண்ணே, உட்காருங்க.”

“உட்காரவா வந்தேன்? காலையிலேயே என் வீட்டுக்காரி போன் பண்ணிச் சொன்னாளா இல்லையா?”

“சொன்னாங்கண்ணே. டைப் பண்ணி வச்சிட்டேன்.”

“வச்சு? அழகு பார்க்கறியா?”

“இன்னும் கொஞ்ச நேரம்ணே. ஏன்னா...”

“காரணம் சொல்லாதே! உன் காரணத்தைக் கேட்கவா பொணத்தைப் போட்டுட்டு ஓடி வந்தேன்?”

அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். மேசையில் இருந்த போனை ஒரு பார்வை பார்த்தாள்.

இன்டர்நெட் வரவில்லை என்று புகார் சொல்லக் காத்திருந்த ஒருவர், சமயம் பார்த்து உள்ளே புகுந்தார். “விடாதீங்க சார். எனக்கும் இதே கொஞ்ச நேரம்தான். இவங்க கொஞ்ச நேரம் முடியறதுக்குள்ள என் பையன் படிப்பே முடிஞ்சிடும்.”

சுவர் டிவியில் பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கீழே, ‘மாவு மிஷின் விற்பனைக்கு.’ அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நாய்க்குட்டி. ‘வெள்ளை நிறம், இடது காதில் கறுப்புப் புள்ளி.’

“காதுப் புள்ளி வரைக்கும் போட நேரம் இருக்கு!”

சத்தம் கேட்டுச் செயலாளர் உள்ளறையிலிருந்து வந்தார். “வாங்க, வாங்க. விஷயம் கேள்விப்பட்டேன். மனசே சரியில்லை.”

“உங்க மனசை நீங்களே வச்சுக்கோங்க சார். சங்கம் ஆரம்பிச்சப்போ கம்பம் நட ஆள் கிடைக்காம அல்லாடினீங்களே, அன்னிக்குக் கடப்பாரையைத் தூக்கினவர் எங்கப்பா. இன்னிக்கு அவருக்காக ஒரு வரி ஓட்ட உங்களுக்குக் கை வரலை.”

செயலாளருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

“இன்னுமா போடலை? இப்பவே போடும்மா.”

“இப்போ வேண்டாம் சார்.”

“என்னது?”

“லைன்மேன் போன் பண்ணட்டும் சார். பண்ணினதும் போட்டுடறேன்.”

“லைன்மேனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சங்கத்துக்கு நான் செயலாளரா, அவன் செயலாளரா?”

அதற்குள் மகனின் கைபேசி அடித்தது. வீட்டிலிருந்து மனைவி.

“இங்கதான் நிக்கறேன். ஒருத்தி அசைய மாட்டேங்கறா... அம்மாவா? அம்மாவுக்கு யார் சொல்லுவா? இதய ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்கறவகிட்ட இதைச் சொல்லலாமா? அதிர்ச்சி ஆகவே ஆகாதுன்னு டாக்டர் அவ்வளவு சொல்லியிருக்காரே. தங்கச்சியை வார்டு வாசல்லயே உட்கார வச்சிருக்கேன். ஒரு ஈ காக்கா உள்ளே போய்ச் சொல்ல முடியாது. நீ அழாம இரு.”

“அதைத்தாண்ணே நானும்...” என்று ஆரம்பித்தாள் அவள்.

“நீ பேசாதே! நகரு. நானே போட்டுக்கறேன்.”

அவள் நகரவில்லை. கோழி குஞ்சை மூடுகிற மாதிரி இரண்டு கையையும் கீபோர்டின் மேல் பரப்பி வைத்துக்கொண்டாள்.

“பார்த்தீங்களா சார் இவ திமிரை? உன் வீட்ல சாவு விழுந்தாலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பியா? உனக்கெல்லாம் அப்பா அம்மா கிடையாதா?”

அவள் கண் நிறைந்துவிட்டது. கை மட்டும் விலகவில்லை.

“பொதுக்குழுவைக் கூட்டச் சொல்றேன். அதுக்கப்புறமும் நீ இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கியான்னு நானும் பார்க்கறேன்!”

மேசைப் போன் அடித்தது. அவள் பாய்ந்து ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போற கேபிளைக் கழட்டியாச்சு. மாடி ஏற ஏணி கிடைக்கத்தான் நேரமாயிடுச்சு. பெண்கள் வார்டுக்குள்ளேயே வந்து பார்த்துட்டேன். நம்ம சேனல் வரலை. இனிமே நீங்க போட்டுக்கலாம்.”

ஓங்கி நீட்டிய கை அப்படியே நிற்க, மகன் அவளைப் பார்த்தான்.

“அத்தைக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாதுன்னு உங்க வீட்டுக்காரங்க காலையில போன்ல அழுதாங்கண்ணே,” என்றாள் அவள் மெதுவாக. “அந்த வார்டுல நாள் முழுக்க நம்ம சேனல்தான் ஓடும்.”

சொல்லிக்கொண்டே விசையைத் தட்டினாள். சுவர் டிவியில் அப்பாவின் பெயர் நகர ஆரம்பித்தது.

லைன்மேன் இன்னும் போனை வைக்கவில்லை. வார்டின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவே ஒரு குரல், மெலிந்து, ஆனால் படு கோபமாக. அவனுடைய அம்மாவின் குரல்.

“ஏம்பா, நல்ல கட்டத்துல வந்து புடுங்கிட்டியே! இரு, இரு. சாயந்தரம் எங்க வீட்டுக்காரர் வருவாரு. அவர் வந்து நாலு வார்த்தை கேட்டாத்தான் உங்க சங்கத்துக்குப் புத்தி வரும்!”