சேறு அள்ள ஆள் தேவை

"ஃபீஸும் குடுத்துட்டு, சேத்தையும் நாங்களே அள்ளணுமா? நல்லா இருக்கு உங்க நியாயம்!"

கடைசி வரிசையில் ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் மூன்று நாள் மழை. பள்ளிக்கூடத்தின் கீழ்த்தள வகுப்புகளில் கணுக்கால் புதையும் சேறு. திங்கட்கிழமை திறக்காவிட்டால் பள்ளியையே மூடிவிடுவதாக நிர்வாகக் குழு சொல்லிவிட்டது. மாடியில் பெற்றோரைக் கூட்டி, "ஞாயித்துக்கிழமை ஒருநாள் உதவிக்கு வாங்க" என்று தலைமையாசிரியை வத்சலா அரை மணி நேரமாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டார். ஒரு கைகூட உயரவில்லை. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"கட்டாயம் இல்லைங்கய்யா" என்றார் வத்சலா.

"இப்ப இப்படித்தான் சொல்வீங்க. அப்புறம் கக்கூஸ் கழுவச் சொல்வீங்க. சாந்த்ராகாச்சி ரயில் யார்டுல முப்பது வருஷம் குப்பை கொட்டினவன் நான். கூலி வாங்காம ஒரு நட்டுகூட முடுக்கினதில்ல. இதுல இவங்களைப் பாருங்க, சட்டை மடிப்புக் கலையாம வந்திருக்காங்க. இவங்களா மம்பட்டி புடிக்கப் போறாங்க?"

கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த பூர்ணிமா விருட்டென்று திரும்பினாள். "தாது, போதும் நிறுத்துங்க!" தாத்தாவுக்கு வங்காளத்தில் அப்படித்தான். "உங்க பேத்தி எந்த கிளாஸ்?"

"எந்த கிளாஸா இருந்தா உனக்கென்ன? நீ முதல்ல நெயில் பாலிஷ் போகாம பாத்துக்க."

"மேடம், என் பேரை எழுதுங்க!" பூர்ணிமா கத்தினாள்.

"என் பேரையும்!" துறைமுக ஆபீசர் விஸ்வநாதன் எழுந்தார். "பம்பு செட்டு நான் கொண்டு வரேன். இந்தப் பெரியவர் வந்து கண்ணால பாக்கட்டும்."

"பாப்போம், பாப்போம். ஞாயித்துக்கிழமை காலைல டி.வி. முன்னாடிதானே கிடப்பீங்க?"

அவ்வளவுதான். நாற்காலிகள் கடகடவென்று நகர்ந்தன. ஆளுக்கொரு பக்கம் அவரைத் திட்டிக்கொண்டே பேர் கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு பேர்!

கூட்டம் கலைந்தபின், பஸ் ஸ்டாப்பில் நின்ற ஏழுமலையிடம் வத்சலா ஓடிவந்தார்.

"பிரமாதம் மாமா! நான் சொல்லிக்குடுத்ததை விட நாலு மடங்கு திட்டிட்டீங்க. உங்க பிள்ளைகிட்ட சொன்னா நம்பவே மாட்டார்."

ஏழுமலை மருமகளை முறைத்தார்.

"நீ சொல்லிக்குடுத்தது மாடிப்படி ஏறும்போதே மறந்துபோச்சும்மா. நான் நிஜமாத்தான் கேட்டேன்."