எருமையைவிட ஒரு டம்ளர் அதிகம்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்யலாம். தலைக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால் போதும்.

மகள் வீட்டு கேட்டுக்கு வெளியே பூட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் புதுக் கார், இன்ஜினை அணைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக நின்றது.

கேட்டுக்கு உள்ளே மகள். அவள் இடுப்பில் பேரன்.

அந்தப் பேரனை அவர் இன்னும் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை.

காரணம், எருமை.

எருமை என்பது அவருடைய பழைய வேன். ஊர் வைத்த பெயர். அணைத்தால் மறுபடி கிளம்பாது. ஆகவே அவர் அணைப்பதேயில்லை. பேரன் பிறந்த வாரம், தன் பூட்டுக் கடையிலிருந்து திரும்பும் வழியில் வேனை மகளின் ஜன்னலுக்கு நேராக உறும விட்டுவிட்டு உள்ளே போனார். புகை அவருக்கு முன்பே போய்த் தொட்டிலில் உட்கார்ந்துகொண்டது. சுவரிலிருந்த பல்லி இருமியது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் நுரையீரலையே பார்ப்பவள். அன்றே சொல்லிவிட்டாள்: மாதம் எரிக்கிற பெட்ரோல் பாதியாக வேண்டும், அதுவரை தாத்தாவுக்கு கேட்டுக்கு வெளியேதான் இடம். பிடிவாதம் அவளுக்கு அப்பா வழி. கெஞ்சிப் பயனில்லை என்று அவருக்கே தெரியும்.

எருமையை விற்றார். இந்தக் காரை வாங்கினார்.

காரா அது? பெட்ரோல் குழாயைத் தூரத்தில் காட்டினாலே ஏப்பம் விடும். ஒருமுறை டாங்க் மூடியைத் திறந்தால், போன வாரம் ஊற்றியதைவிடக் கொஞ்சம் கூடவே இருந்ததாகக் கேள்வி. பங்க்காரர் முதல் மாதம் அந்தக் காரைக் கண்டாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பூட்டுக்காரருக்கு நாற்காலி போட்டார்.

ஏனென்றால், இவ்வளவு கொஞ்சமாகக் குடிக்கிற வண்டியைச் சும்மா நிறுத்தி வைப்பதுதான் பெரிய வீண் என்று பூட்டுக்காரருக்குத் தோன்றிவிட்டது. எருமைக் காலத்தில் கடைக்குப் போய் வருவதோடு சரி. அதற்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது பேரன் தும்மினால் கிளம்பினார். தும்மவில்லை என்றால், ஏன் தும்மவில்லை என்று பார்க்கக் கிளம்பினார். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார்.

வழியும் லேசுப்பட்டதல்ல. சிமெண்ட் குடோனைத் தாண்டி, ரயில்வே கேட்டில் காத்து நின்று, பாலம் ஏறி இறங்கி, பஸ் நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். பாலத்துக்கு இந்தப் பக்கம் மழை கொட்டினால் அந்தப் பக்கம் துணி காயும். ரயில்வே கேட் மூடியிருந்த ஒரு காலையில், சவரம் செய்துகொண்டு கிளம்பியவர் மகள் வீட்டில் தாடியோடு இறங்கினார்.

இன்று மகள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"உண்மையச் சொல்லுங்கப்பா. பாதியாச்சா?"

"வண்டி பாதிக்கும் கம்மியாத்தாம்மா குடிக்குது."

பொய் இல்லை. பாலம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

"வண்டியக் கேக்கல. உங்களக் கேக்கறேன்."

எந்தப் பூட்டையும் ஒரு கம்பியால் திறந்துவிடுகிறவர், அந்த கேட்டின் கொண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பூட்டுகூட இல்லை, வெறும் கொண்டி. ஒரே ஒரு பொய் சொன்னால் திறந்துவிடும்.

பேரன் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு அவர் மீசையைப் பிடிக்கப் பார்த்தான். எட்டவில்லை.

"எருமை குடிச்சதவிட ஒரு டம்ளர் கூடத்தாம்மா ஆச்சு."

"கூடவா! அப்படி எங்கதான் போனீங்க?"

"இங்கதான்."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடக்குவது அழுகையையா சிரிப்பையா என்று அவருக்குப் பிடிபடுவதற்குள் கொண்டி விலகியது.

வெறும் உள்ளங்கையை நீட்டினாள்.

"கார் சாவியக் குடுங்க. குழந்தைய வாங்கிக்கங்க. கடைக்குப் போறப்ப மட்டும் சாவியக் கேட்டு வாங்கிக்கலாம்."

ஊரார் சாவியையெல்லாம் கையில் வாங்கிப் பழகியவர், முதல் தடவையாகத் தன் சாவியைக் கொடுத்தார். பேரன் வந்த வேகத்தில் மீசையை ஒரு பிடி பிடித்தான். கண்ணில் நீர் வந்தது; மீசையால்தான். இன்னும் கொஞ்சம் இழுடா என்பதுபோலக் குனிந்து கொடுத்தார். பேரன் தெருவே கேட்கிற மாதிரி சிரித்தான்.

"அப்ப நாளைக்கு நான் எப்படிம்மா வருவேன்?"

"கால் எதுக்கு இருக்கு? அத எந்த பங்க்லயும் நிறுத்த வேண்டாம். எத்தன தடவ வேணா வாங்க."

மனசே இல்லாமல் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூட்டுக்காரர் நடந்தே வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி வாசலிலேயே டீ டம்ளரோடு நின்றிருந்தாள். டீயில் ஆவி பறந்தது.

"ஏங்க, பேரன் அப்படிச் சிரிச்சானே, என்னதான் பண்ணீங்க?"

மகளின் வீடு எதிர்வீடு. நடுச்சாலையில் இருக்கும் தடுப்புச்சுவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியது கார்கள் மட்டும்தான்.