முன்னாளுக்கு ஒரு பதிலடி

ஜெருசலேம். பிரதமரின் அறையில் இருந்த ரேடியோவில் முன்னாள் பிரதமர் ஷால்தியேல் முழங்கிக்கொண்டிருந்தார்.

"பாலஸ்தீனர்களோட உட்கார்ந்து பேசியே ஆகணும். நிலத்தை விட்டுக்கொடுக்காம சமாதானம் வராது!"

பிரதமர் கிடோன் எரிச்சலோடு ரேடியோவை அணைத்தார்.

"கேட்டியா ஒஸ்னாத்? நாற்காலியை விட்டு எழுந்ததும் ஐயாவுக்கு ஞானம் பொறந்துடுச்சு! மதியச் செய்திக்குள்ள சூடா ஒரு பதில் எழுது."

யார் பிரதமராக வந்தாலும் உரை எழுதித் தருபவள் ஒஸ்னாத். பதினெட்டு வருட அனுபவம். அன்று காலைதான் மகனை மூன்றாம் முறையாக ராணுவப் பணிக்கு வழியனுப்பிவிட்டு வந்திருந்தாள். தன் மேஜைக்குப் போனவள், பத்தே நிமிடத்தில் ஒரு தாளோடு திரும்பினாள்.

கிடோன் உரக்கப் படித்தார். "'பேசறதுக்கு அந்தப் பக்கம் ஆள் எங்கே இருக்கு? ஒரு பிடி மண்ணைக்கூடத் தர மாட்டோம்!' அடடா, பிரமாதம்! எப்படி இவ்வளவு சீக்கிரம் எழுதினே?"

"நான் எங்கே எழுதினேன்? ஷால்தியேல் பிரதமரா இருந்தப்போ பேசினது இது. தேதியை மட்டும் மாத்தினேன்."

கிடோன் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ இன்னிக்கு ரேடியோவுல பேசினாரே, அதை யார் எழுதிக் கொடுத்தாங்களாம்?"

"அது நீங்க எதிர்க்கட்சியில இருந்தப்போ பேசினது, கிடோன். அவர் ஒரு வார்த்தையைக்கூட மாத்தலை."

சிரிப்பு சட்டென்று நின்றது. கிடோன் தாடையைத் தடவியபடி யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்தப் பேச்சை ஒரு காப்பி எடுத்துப் பத்திரமா வை. அடுத்த தேர்தல்ல தோத்துட்டா எனக்கு வேணும்."