சிவப்புக் காரில் வாழைத்தோல்

அன்று தேனி, பெரியகுளம் சாலைப் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்தே பேர். பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; நான் அங்கே இல்லை என்று பிறகு எவரும் நழுவ முடியாது. காரை விற்ற பெரிய வீட்டுத் தங்கப்பாண்டியன். அதை வாங்கிய வடுகபட்டிப் பூண்டு வியாபாரி பொன்னுராஜ். மெக்கானிக் சுருளியாண்டி. அவனுக்குச் சோறு கொண்டுவந்த மனைவி பாண்டீஸ்வரி. பக்கத்து வாழை மண்டியில் எடை போடும் தவசி. தவசியை யாரும் கூப்பிடவில்லை. அவன் கூப்பிட்டு வருகிற ஆளும் இல்லை.

அது 2001-ஆம் ஆண்டு. கார் அதைவிட நாற்பது வருஷம் மூத்தது. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, சீமை ஸ்போர்ட்ஸ் கார். தங்கப்பாண்டியனின் அப்பா மேகமலை எஸ்டேட் துரையிடம் வாங்கியது. அந்தக் குடும்பத்து மாப்பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் ஊர்வலம் போனார்கள். பெண்ணுக்கு இடம் இருந்தது, மாமியாருக்கு இல்லை. அதை ஏன் விற்றார் என்று தங்கப்பாண்டியனிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

பொன்னுராஜ் ஓட்டிப் பார்த்து வாங்கியபோது வண்டி பட்டுப்போல ஓடியது. முப்பத்தெட்டாம் நாள் ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் பின்பக்கத்திலிருந்து ஓர் ஊளை கிளம்பியது. தேனி வருவதற்குள் அது ஒப்பாரியாகிவிட்டது.

சுருளியாண்டி காரைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிபரன்ஷியல் மூடியைக் கழற்றினான். ஆயில் வடியவில்லை. களிபோலக் கறுப்பாக ஒன்று தட்டில் தொப்பென்று விழுந்தது. உள்ளே பல்சக்கரத்தைத் தாங்கும் பேரிங்குகள் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போலக் குழி குழியாக இருந்தன.

அவன் சட்டென்று ஒரு துணியை எடுத்துத் தட்டை மூடினான்.

"ஒண்ணுமில்லண்ணே, பழைய ஆயிலு. ரெண்டு பேரிங் மாத்துனாச் சரியாப் போகும்."

பொன்னுராஜ் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "எதுக்குடா மூடுற? துணிய எடு."

துணி விலகியது. பொன்னுராஜின் முகம் மாறியது.

"எங்க மச்சான் லாரி வச்சிருந்தவரு. எனக்குத் தெரியாதாக்கும்? பேரிங் தேஞ்ச வண்டிய விக்கணும்னா, சத்தம் வெளிய கேக்காம இருக்க வாழத்தோலு, மரத்தூளுன்னு கெடச்சத உள்ள போட்டு அடைப்பாக. ஒரு மாசம் தாங்கும். அம்புட்டுதான்."

தவசி ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தான். கண்ணை மூடி யோசித்தான். "வாழத்தோலேதான். அதுலயும் நாழிப்பூவன். இருபது வருசமா மோந்த மூக்கு இது."

பட்டறை வாசலில் மண்டிக்காரர்கள் தின்று எறிந்த தோல்கள் குவிந்து கிடந்தன. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். விற்பதற்கு முந்திய வாரம் இரண்டு நாள் கார் சுருளியாண்டியிடம்தான் இருந்தது. பொன்னுராஜைக் கூட்டிவந்து காரைக் காட்டியவனும் அவனே.

"பூண்டுக்காரன்கிட்டயே தோலாடா?" என்றார் பொன்னுராஜ். "ஒன் தோல உரிச்சிருவேன். போலீசுக்குப் போறேன் இரு."

தங்கப்பாண்டியன் நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். அவர் முதுகு எந்த நாற்காலியிலும் சாய்ந்ததில்லை.

"ஏலே சுருளி, எங்க பரம்பரையில ஒரு புரட்டு உண்டா? எங்கப்பா உக்காந்த வண்டியிலயா இந்த வேலையப் பாத்த? சாயங்காலத்துக்குள்ள பட்டறையக் காலி பண்ணு."

பட்டறை நின்ற இடம் அவருடையது.

சுருளியாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "பேரிங்கெல்லாம் என் செலவுல மாத்தித் தாரேன். போலீசு வேணாம்னு பொன்னுராஜண்ணன்கிட்ட நீங்கதான் சொல்லணும். எடத்த மட்டும் விட்டுருங்கய்யா. எனக்கு வேற பொழப்பு இல்ல."

செய்யாதவன் இப்படியா கெஞ்சுவான்? பொன்னுராஜுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போயிற்று.

"சாயங்காலம்னு சொன்னேன்," என்றார் தங்கப்பாண்டியன். வழக்கு தீர்ந்தது.

பாண்டீஸ்வரி தூக்குச்சட்டியைத் தரையில் ணங்கென்று வைத்தாள்.

"காலி பண்ணுறோம்யா. எங்களுக்கு எடம்தான் போகும், வேற எங்கனயாச்சும் தகரம் போட்டுக்கிருவோம். வெளிய தவசியண்ணன் பேசுறாக, அதையும் கொஞ்சம் கேளுங்க."

தவசி எப்போது வெளியே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. சாலையில் ஒரு கூட்டத்தையே சேர்த்திருந்தான்.

"பெரிய வீட்டுக் காரு பெட்ரோல்ல ஓடலப்பா, வாழத்தோல்ல ஓடியிருக்கு! மாடு மோந்துட்டு விட்டுப்போன தோலு!"

சிரிப்பு எழுந்தது. "அப்ப இனிமே அது பெரிய வீடு இல்ல, வாழத்தோல் வீடு!" என்றது ஒரு குரல். இன்னும் நாலு பேர் அதைச் சொல்லிப் பார்த்தார்கள். வாய்க்கு வசதியாக இருந்தது.

இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பட்டப்பெயர் விழுந்தால் விழுந்ததுதான். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்க வேண்டும். பேரன் காலத்திலும் அழியாது.

தங்கப்பாண்டியன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். கூட்டம் அடங்கியது. தன் குடும்பத்தைப் பற்றி ஊரில் ஒரு பொய் உலவுவதை அவரால் ஒரு நிமிஷமும் பொறுக்க முடியாது.

"எவன்டா அவன் வாழத்தோலுன்னது? அது சுத்தமான நெலம்பூர்த் தேக்குத்தூளு; ரெண்டு தடவ சலிச்சு, என் கையாலயே போட்டேன்!"