கறுவலின் காதுத் தொப்பி

"குதிரையோ நூலோ, ரெண்டில ஒண்டை விடு எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்!"

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பஸ்தியான் போட்ட சத்தத்தில் குறிஞ்சிப்பிட்டிக் கடற்கரையே திரும்பிப் பார்த்தது. அவன் பெண்சாதி றீற்றா மட்டும் திரும்பவில்லை. கறுவலின் கயிற்றை முழங்கையில் மாட்டிக்கொண்டு, குதிரை சுற்றிச் சுற்றி நடக்க நடக்க, அவளும் நடுவில் நின்று சுழன்றபடி சிவப்புக் கம்பளி நூலில் பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளைக்கு அது இழுத்துக்கொண்டு ஓடேக்கை ஊசி கண்ணுக்குள்ள போகும். அப்ப தெரியும்!"

"சும்மா வாயை வைக்காதேங்கோ அப்பா!" என்று புருசனுக்குத் திருப்பிக் கொடுத்தாள் றீற்றா.

காலையில் பாலர் பாடசாலையில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிற றீற்றாவுக்குப் பின்னேரமானால் இரண்டு பைத்தியம். ஒன்று குதிரை பழக்குவது. மற்றது பின்னல். இந்தக் கல்பிட்டிப் பக்கத்து வெயிலுக்கு ஆருக்கடி கம்பளி என்று கேட்டு ஊரே சிரித்தாயிற்று. அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே!

கறுவல் இஸ்ஸதீன் முதலாளியின் குதிரை. நாட்டில் சண்டை முடிந்து வெள்ளைக்காரர் உல்லாசப் பயணம் வரத் தொடங்கியதும், தன் ஹோட்டலில் சவாரி விட வாங்கினார். வெடிச்சத்தம் கேட்டால் அது தலைதெறிக்க ஓடும். உதவாது என்று ஒதுக்கியதை றீற்றாதான் ஆசைப்பட்டுப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

முதலாளி போன கிழமை வந்து சொல்லிவிட்டார்.

"சனிக்கெழம கடற்கர விழாவுல குதிர ஓட்டத்துல ஓடட்டும் புள்ள. வெடி கொளுத்தித்தான் ஓட்டத்தத் தொடங்குவாங்க. வெடிக்கு மிரளாம ஓடினா ஒங்கட்டயே நிக்கட்டும். மிரண்டா மறுநாளே லொறியில ஏத்தி வித்துருவன்."

றீற்றா கறுவலின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகுதான் அந்த யோசனை வந்தது. நெற்றியோடு சேர்த்து இரண்டு காதையும் இறுக மூடுகிற மாதிரி தடித்த தொப்பி ஒன்று! சத்தம் குறைந்தால் மிரட்சியும் குறையும். குதிரையைப் பழக்கவும் வேண்டும், தொப்பியைப் பின்னவும் வேண்டும். இரண்டில் எதை விடுவது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு காதுதான் முடிந்திருந்தது.

"கண்ணைப் பார், நித்திரையில்லாமல் வீங்கிப் போய்க் கிடக்கு," என்று பஸ்தியான் மறுபடியும் தொடங்கினான். "இனி உந்த நூலை உன்ர கையில கண்டால் கடலுக்குள்ள எறிஞ்சுபோடுவன்!"

அவள் பாதித் தொப்பியோடு நூல் பையை வேலியில் கொழுவிவிட்டுக் கறுவலைக் குளிப்பாட்டப் போனாள்.

திரும்பி வந்தால் பையைக் காணவில்லை.

"உங்கட மனுசன்தான் அக்கா," என்றாள் பக்கத்து வீட்டு வதனா. "பையையும் தூக்கிக்கொண்டு தோணியில ஏறினதைக் கண்டனான்."

றீற்றா விழுந்தடித்துக் கரைக்கு ஓடினாள். தோணி எப்போதோ போய்விட்டது.

"பாவி மனுசன், சொன்னபடி செய்துபோட்டுதே!"

வேறு நூலும் இல்லை. மணலில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை கடற்கரை முழுக்கச் சனம். பாண்டு வாத்தியம் ஒரு பக்கம், ஐஸ்கிறீம் வண்டி ஒரு பக்கம். ஹோட்டல் குதிரைகள் எல்லாம் வரிசையில் நின்றன. கறுவல் பாண்டுச் சத்தத்துக்கே காதை விறைத்துக்கொண்டு வியர்த்தது.

"அக்கா, மற்றத் தோணியெல்லாம் மீனோட வந்திட்டுது. உங்கட மனுசன் இப்பதான் வெறும் பெட்டியோட வாறார்," என்றாள் வதனா.

"நல்லா வேணும்!" என்றாள் றீற்றா. அவன் முகத்திலேயே விழிக்காமல் பெயர் பதியப் போனாள்.

திரும்பி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கறுவலின் தலையில் சிவப்புத் தொப்பி! இரண்டு காதும் மூடியிருந்தது!

ஆர் போட்டது? எப்படி வந்தது? கேட்க நேரமில்லை, விசில் ஊதிவிட்டார்கள். பாய்ந்து ஏறினாள்.

படபடவென்று வெடி.

கறுவலின் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. றீற்றா கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தாள். பிறகு அது தலையைச் சிலுப்பிக்கொண்டு, நேராக, தண்ணீர் ஓரமாக ஓடத் தொடங்கியது!

"ஓடடா ராசா, ஓடு!"

நுரை தெறித்தது, மணல் பறந்தது. கரையில் மேய்ந்து திரிகிற ஊர்க் கழுதைகள் சிதறி ஓடின. சனத்தின் ஆரவாரத்தில் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கறுவல் மூன்றாவதாகத்தான் வந்தது. வந்தால் என்ன? மிரளவில்லையே!

"மாஷா அல்லாஹ்!" இஸ்ஸதீன் முதலாளி கையைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார். "குதிர இனி ஒங்கட்டத்தான் புள்ள!"

றீற்றா குதித்திறங்கி வதனாவைக் கட்டிப்பிடித்தாள்.

"நீதானேடி மிச்சத்தைப் பின்னினது?"

"நானோ? எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாதக்கா!"

தொப்பியைக் கழற்றிப் பார்த்தாள். ஒரு காது அவள் பின்னியது, மெத்தென்று இருந்தது. மற்றக் காது பின்னலே இல்லை. சின்னச் சின்னக் கண்ணாக, நெருக்கி நெருக்கிப் போட்ட முடிச்சுகள். உள்ளே இடுப்பில் கட்டுகிற பழைய சாரத் துணி ஒன்று மடித்து வைத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். மீன் மணத்தது.

தொப்பியோடு தோணியடிக்கு நடந்தாள். பஸ்தியான் வெறும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்து, நனையாத வலையை மடித்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"எல்லாம் பாத்தனான். இனியாவது குதிரையோ நூலோ, ரெண்டில ஒண்டை விடு!" என்று உறுமினான்.

அவன் மடியில் கிடந்த வலை பொத்துகிற ஊசியில், சிவப்புக் கம்பளி நூல் இன்னும் மிச்சமிருந்தது.