மூன்றாவது முறை

நேர்முகத் தேர்வின் நடுவே மூன்றாவது முறையாக இணையம் அறுந்தது. நியூசிலாந்து அதிகாரியின் முகம் திரையில் அப்படியே உறைந்து நின்றது. மஞ்சரி கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். கணினியை அணைத்து மீண்டும் போட்டாள். எதுவும் பலிக்காமல் கைப்பேசியில் இணைய நிறுவனத்தை அழைத்தாள்.

“லைன் நல்லாதான் இருக்கு மேடம். மோடத்துக்கு வர்ற கரண்ட்தான் நின்னு நின்னு போகுது. சுவிட்சைப் பாருங்க.”

மோடம் கூடத்தில் இருந்தது. அதில் ஒரு விளக்கும் எரியவில்லை. பக்கத்தில் அப்பா செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

“நீங்களாப்பா?”

அவர் தாளை இறக்கவில்லை. “அவ்ளோ தூரம் போகணுமா பாப்பா?”

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் குரல் உடைந்துதான் வந்தது. “நாலு வருஷமா இதுக்குத்தான்ப்பா அலையறேன். இன்னும் பத்து நிமிஷம்தான்.”

சுவிட்சைப் போட்டுவிட்டு அறைக்கு ஓடினாள். அதிகாரி மீண்டும் வந்தார். குடும்பத்தில் யாரையாவது உடன் அழைத்து வருவீர்களா என்று கேட்டார். அவள் என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிப்பதற்குள் திரை உறைந்துவிடும் என்று காத்திருந்தாள். அது உறையவே இல்லை.

எல்லாம் முடிந்து கூடத்துக்கு வந்தபோது செய்தித்தாள் தரையில் கிடந்தது. அப்பா சுவரோடு ஒட்டி நின்று, சுவிட்ச் அணைந்துவிடாதபடி அதை உள்ளங்கையால் மூடியிருந்தார்.

“முடிஞ்சிருச்சா பாப்பா? கையை எடுத்துரலாமா?”